புதுக்கோட்டை மாவட்டத்தில் இளையோர் உளநலச் சேவை

இளையோர் உளநலச் சேவை என்பது 10 முதல் 24 அகவை வரையிலானோருக்கு ஏற்படும் உளநலக் குறைபாடுகளைக் கண்டறிந்து, ஆலோசனையும் மருத்துவமும் அளித்து, அவர்கள் படிப்பையும் வேலையையும் தொடர்வதற்கு உதவும் பணிகளின் தொகுப்பு ஆகும். தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் இச்சேவை மாவட்ட மனநலத் திட்டம், அரசு மருத்துவமனைகள், தொலைபேசி உதவி எண்கள் ஆகியவற்றின் வழியாக வழங்கப்படுகின்றது. 2010 ஆம் ஆண்டில் இம்மாவட்டத்தின் ஊர்களுக்குப் பேருந்து ஒன்றில் தொலை உளமருத்துவம் கொண்டுசெல்லப்பட்டது. இந்திய ஊர்ப்புற உளமருத்துவ முயற்சிகளுள் இது குறிப்பிடத்தக்கது.

உளநோய்களில் ஏறத்தாழப் பாதி 18 அகவைக்கு முன்னரே தொடங்குகின்றன. ஆயினும் உதவி நாடி வரும் இளையோரின் முறைப்பாடுகள் "வயசுக் கோளாறு", "பரீட்சை பயம்", "சோம்பல்", "நடிப்பு" என்று ஒதுக்கப்படுவது பரவலாகக் கூறப்படும் குறையாகும். அக்குறையின் பின்னணி, காரணங்கள், சட்டநிலை, தீர்வு முயற்சிகள் ஆகியவை இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

சொற்கள்

உளநலம், மனநலம் ஆகிய இரு சொற்களும் ஒரே பொருளிலேயே வழங்குகின்றன. அரசு ஆவணங்களில் மனநலம் என்ற சொல்லே மிகுதியாகக் காணப்படுகின்றது. உளமருத்துவர் என்பவர் மருத்துவப் பட்டம் பெற்று உளநோய் மருத்துவத்தில் மேற்படிப்பு முடித்தவர். மருந்து எழுதித் தரும் தகுதி உடையவர். மருத்துவ உளவியலாளர் என்பவர் உளவியல் படித்து, பேச்சுவழி மருத்துவத்திலும் உளவியல் சோதனைகளிலும் பயிற்சி பெற்றவர். ஆலோசகர் என்ற பெயரைப் பல்வேறு தகுதியினரும் பயன்படுத்துகின்றனர். எனவே உதவி பெறச் செல்பவர் ஒருவரின் தகுதியைக் கேட்டறிந்துகொள்வது நல்லது.

நோயின் பெயர்களைப் போலவே நோயாளியின் சொற்களும் முக்கியமானவை. உளச்சோர்வு, பதற்றக் கோளாறு போன்ற கலைச்சொற்களை ஊர்ப்புற இளையோர் பயன்படுத்துவதில்லை. "மனசு சரியில்லை", "ஒரு மாதிரியா இருக்கு", "நெஞ்சு படபடங்குது", "தலை பாரமா இருக்கு", "எதுலயும் பிடிப்பில்லை" என்பனவே அவர்கள் கூறும் முறைப்பாடுகள் ஆகும். இச்சொற்களை நோய்க்குறிகளாகக் கேட்கப் பழகாத மருத்துவருக்கு இவை பொருளற்றவையாகத் தோன்றக்கூடும்.

நோய் தொடங்கும் வயது

192 ஆய்வுகளின் தரவுகளைத் தொகுத்து 2022 இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வின்படி, உளநோய்களில் 34.6 விழுக்காடு 14 அகவைக்கு முன்னரும், 48.4 விழுக்காடு 18 அகவைக்கு முன்னரும், 62.5 விழுக்காடு 25 அகவைக்கு முன்னரும் தொடங்குகின்றன. நோய் தொடங்கும் வயதின் உச்சம் 14.5 ஆண்டுகள் ஆகும். நீரிழிவு, இதய நோய் போன்ற பெரும்பாலான நாட்பட்ட நோய்கள் நடுவயதில் வெளிப்படுபவை. உளநோய்களோ பத்தாம் வகுப்புத் தேர்வு, மேல்நிலைக் கல்வி, கல்லூரிச் சேர்க்கை, முதல் வேலை ஆகியவை நிகழும் ஆண்டுகளிலேயே தொடங்கிவிடுகின்றன.

பெங்களூருவில் உள்ள தேசிய மனநலம் மற்றும் நரம்பு அறிவியல் நிறுவனம் (நிம்ஹான்ஸ்) 2015-16 இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பை நடத்தியது. அதன்படி 13 முதல் 17 அகவையினரில் 7.3 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஓர் உளநலக் குறைபாடு இருந்தது. சராசரிக் கணக்கில் இது 40 மாணவர் கொண்ட ஒரு வகுப்பில் ஏறத்தாழ மூவர் ஆகும். மருத்துவம் தேவைப்பட்டும் அதனைப் பெறாதோர், நோயின் வகையைப் பொறுத்து, ஏறத்தாழ 70 முதல் 92 விழுக்காடு வரை இருந்தனர் என்றும் அக்கணக்கெடுப்பு தெரிவித்தது.

மனச்சிதைவு போன்ற கடும் நோய்களில், முதல் அறிகுறி தோன்றுவதற்கும் மருத்துவம் தொடங்குவதற்கும் இடைப்பட்ட காலம் நீளும் அளவுக்குப் பிற்காலப் பயன் குறைகின்றது. எனவே முதன்முறை உதவி நாடி வரும்போதே முறைப்பாட்டைப் பொருட்படுத்துவது மருத்துவ அடிப்படையிலும் முக்கியமானது.

வரலாறு

தமிழ்நாட்டில் உளநோயாளருக்கான முதல் நிறுவனம் 1794 இல் சென்னையில் தொடங்கப்பட்டது. அது பின்னர் கீழ்ப்பாக்கத்திற்கு மாற்றப்பட்டு, தற்போது மனநலக் காப்பகம் என அறியப்படுகின்றது. இந்தியாவின் முதல் பெண் உளமருத்துவராகக் கருதப்படும் சாரதா மேனன் 1961 முதல் 1978 வரை அதன் கண்காணிப்பாளராகப் பணியாற்றினார். அவர் 1984 இல் மனச்சிதைவு ஆராய்ச்சி அறக்கட்டளையை (ஸ்கார்ஃப்) சென்னையில் நிறுவினார்.

உளமருத்துவத்தைப் பெருநகர மருத்துவமனைகளுக்கு வெளியே கொண்டுசெல்லும் நோக்கில் இந்திய அரசு 1982 இல் தேசிய மனநலத் திட்டத்தைத் தொடங்கியது. கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் கிடைத்த பட்டறிவின் அடிப்படையில் 1996 இல் மாவட்ட மனநலத் திட்டம் உருவானது. முதற்கட்டத்தில் தெரிவான நான்கு மாவட்டங்களுள் திருச்சிராப்பள்ளியும் ஒன்று. புதுக்கோட்டை 1974 சனவரி 14 இல் தனி மாவட்டமாகப் பிரிக்கப்படும் வரை, அதன் பெரும்பகுதி திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலேயே இருந்தது. திட்டம் பின்னர் படிப்படியாகத் தமிழ்நாட்டின் பிற மாவட்டங்களுக்கும் விரிவாக்கப்பட்டது.

2001 ஆகத்து 6 ஆம் நாள், அண்டை மாவட்டமான இராமநாதபுரத்தில் உள்ள ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 உளநோயாளர்கள் உயிரிழந்தனர். உச்ச நீதிமன்றம் இந்நிகழ்வைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. ஏர்வாடித் தர்காவிற்கும், திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் குணசீலம் பெருமாள் கோயிலுக்கும் உளநோயாளரை அழைத்துச் செல்லும் வழக்கம் இப்பகுதிக் குடும்பங்களில் நெடுங்காலமாக உள்ளது. குணசீலத்தில் 48 நாட்கள் தங்கி வழிபடுவது மரபாகும்.

ஏர்வாடி நிகழ்வுக்குப் பின்னர் உளநோயாளர் உரிமை குறித்த கவனம் அதிகரித்தது. எனினும் அக்கவனம் பெரும்பாலும் நோய் முற்றியவர்கள் மீதே இருந்தது. சேவைகளும் அவ்வாறே வடிவமைக்கப்பட்டன. தெருவில் அலைபவரையும் வன்முறையில் ஈடுபடுபவரையும் சேவை எளிதாக அடையாளம் கண்டது. நாள்தோறும் பள்ளிக்குச் சென்றுகொண்டே உள்ளுக்குள் நலிந்துவரும் மாணவர் அதன் பார்வைக்கு எட்டவில்லை.

புதுக்கோட்டையில் தொலை உளமருத்துவம்

புதுக்கோட்டை மாவட்டம் ஏறத்தாழ 4,650 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 16,18,345. வானம் பார்த்த வேளாண்மையும், கடலோர ஊர்களில் மீன்பிடியும், திருப்பூர் போன்ற தொழில் நகரங்களுக்கும் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளுக்கும் வேலை தேடிச் செல்வதும் வாழ்வாதாரங்கள் ஆகும். தந்தையோ தாயோ வெளியூரில் இருக்க, பாட்டி தாத்தாவின் பொறுப்பில் வளரும் பிள்ளைகள் பலர். மணமேல்குடி, ஆவுடையார்கோயில் போன்ற ஊர்களிலிருந்து மாவட்டத் தலைநகருக்குச் சென்று திரும்ப ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியுள்ளது. இளையோர் துணைக்கு ஒருவரையும் அழைத்துச் செல்வதால் இரு மடங்கு இழப்பு நேர்கின்றது.

இந்தத் தொலைவைக் குறைக்கும் நோக்கில் ஸ்கார்ஃப் நிறுவனம் 2010 இல் டாட்டா அறக்கட்டளை ஒன்றின் நிதியுதவியுடன் புதுக்கோட்டையில் நடமாடும் தொலை உளமருத்துவத் திட்டத்தைத் தொடங்கியது. இதற்கெனப் பேருந்து ஒன்று தனியாக வடிவமைக்கப்பட்டது. அதில் மருத்துவ ஆலோசனை அறையும் மருந்தகமும் இருந்தன. சென்னையில் இருந்த உளமருத்துவர் நிகழ்படத் தொடர்பு வழியாக நோயாளியுடனும் குடும்பத்தினருடனும் பேசினார். அவர் பரிந்துரைத்த மருந்துகள் பேருந்திலேயே விலையின்றி வழங்கப்பட்டன. உள்ளூர்த் தன்னார்வ அமைப்புகளின் துணையுடன் பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் வீடுகளுக்குச் சென்று நோயாளரைக் கண்டறிந்தனர். ஊர்மக்களுக்கு விழிப்புணர்வுப் படங்களும் திரையிடப்பட்டன. ஸ்கார்ஃப் நிறுவனத்தின் ஆர். தாரா உள்ளிட்டோர் இம்முயற்சியைப் பற்றி உளமருத்துவ ஆய்விதழ்களில் எழுதியுள்ளனர்.

இத்திட்டம் இரு செய்திகளை உணர்த்தியது. உளமருத்துவர் நேரில் இல்லாதபோதும் ஊர்ப்புறத்தில் தொடர் மருத்துவம் அளிக்க இயலும் என்பது முதலாவது. தொலைவு என்பது தடைகளுள் ஒன்று மட்டுமே என்பது இரண்டாவது. திட்டத்தின் முதன்மை நோக்கம் மனச்சிதைவு போன்ற கடும் நோய்கள் ஆகும். களப்பணியாளர் வீட்டுக்கு வந்து கேட்கும்போது, யாருக்கு நோய் என்பதைக் குடும்பமும் அண்டை வீட்டாருமே சொல்கின்றனர். வெளியில் தெரியும் நோய் இம்முறையில் அகப்படும். வீட்டாருக்கே தெரியாத பதினாறு வயதுப் பெண்ணின் உளச்சோர்வு அகப்படுவது அரிது.

2017 இல் புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி முள்ளூரில் தொடங்கப்பட்டது. அதற்கு முன்னர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நாடுவோர் ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில் உள்ள திருச்சிராப்பள்ளிக்கோ தஞ்சாவூருக்கோ செல்ல வேண்டியிருந்தது.

கணியம்பாடி ஆய்வு

ஊர்ப்புற இளையோரின் துயரம் எவ்வாறு கணக்கில் வராமல் போகின்றது என்பதற்கு வேலூர் மாவட்டத்தின் கணியம்பாடி ஒன்றியத்தில் நிகழ்ந்த ஆய்வு சிறந்த சான்றாகும். ஏறத்தாழ 1,08,000 மக்கள் வாழும் இவ்வொன்றியத்தில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் நலப்பணியாளர்கள் ஊர்தோறும் பிறப்பு இறப்புகளைப் பதிவு செய்து வந்தனர். ஒவ்வோர் இறப்புக்கும் வீட்டாரிடம் விசாரித்துக் காரணம் உறுதி செய்யப்பட்டது.

1992 முதல் 2001 வரையிலான பதிவுகளின் அடிப்படையில் 2004 இல் லான்செட் இதழில் வெளியான முடிவின்படி, 10 முதல் 19 அகவையினரின் தற்கொலை வீதம் ஆண்டொன்றுக்கு ஒரு லட்சம் பேரில் பெண்களுக்கு 148, ஆண்களுக்கு 58 ஆக இருந்தது. அக்காலத்தில் காவல்துறைப் பதிவுகளின்படி எல்லா வயதினரையும் சேர்த்த இந்திய வீதம் 9 முதல் 11 வரை மட்டுமே. அவ்வயதுப் பெண்களின் இறப்புகளில் பாதி முதல் முக்கால் பங்கு வரை தற்கொலையால் நிகழ்ந்தவை.

அப்போது தற்கொலை முயற்சி குற்றமாகக் கருதப்பட்டதாலும், குடும்ப மானம், தங்கையின் திருமணம் ஆகியவை குறித்த அச்சத்தாலும் இத்தகைய இறப்புகள் விபத்து என்றோ "தீராத வயிற்றுவலி" என்றோ கூறப்படுவது வழக்கமாக இருந்தது. வீடு தேடிச் சென்று கேட்டபோதே உண்மை எண்ணிக்கை வெளிப்பட்டது. இவ்வெண்கள் 20 ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் ஒன்றியத்திற்கு உரியவை. பிற மாவட்டங்களுக்கு அப்படியே பொருத்த இயலாது. ஆயினும், கேட்காத இடத்தில் நோய் இல்லை என்று முடிவு செய்தல் தவறு என்பதை இவ்வாய்வு நிறுவியது.

பொருட்படுத்தப்படாமையின் வடிவங்கள்

இளையோர் உதவி நாடும்போது அவர்களின் முறைப்பாடு ஒதுக்கப்படும் முறைகளைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

வயதைக் காரணம் காட்டல்: "இந்த வயசுல உனக்கு என்ன கவலை?" என்பது வீட்டிலும் பள்ளியிலும் மருத்துவமனையிலும் கேட்கப்படும் கேள்வியாகும். கடன், குடும்பப் பொறுப்பு ஆகியவை இல்லாதவருக்கு நோய் வராது என்ற எண்ணம் இதன் அடிப்படை.

மதிப்பெண்ணை அளவுகோலாகக் கொள்ளல்: நன்றாகப் படிக்கும் மாணவருக்கு நோய் இல்லை என்றும், படிக்காதவருக்குச் சோம்பல் என்றும் கூறப்படுகின்றது. இரு நிலையிலும் முறைப்பாடு கேட்கப்படுவதில்லை.

உடல்வலியோடு நிறுத்திக்கொள்ளல்: படபடப்பு, தலைபாரம், தூக்கமின்மை என்று வருபவருக்கு இரத்தச் சோதனையும் இதயத் துடிப்புப் பதிவும் எடுக்கப்பட்டு, முடிவு சரியாக இருந்தால் "ஒன்றுமில்லை" என்று சத்து மாத்திரை தரப்படுகின்றது. சோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்பதும், நோயாளிக்கு ஒன்றுமில்லை என்பதும் வேறு வேறானவை.

பெற்றோரிடம் மட்டும் பேசுதல்: நோயாளி அருகில் அமர்ந்திருக்க, "பையனுக்கு என்ன பண்ணுது?" என்று தாயிடம் கேட்கப்படுகின்றது. வீட்டிலேயே வன்முறையோ மிகுந்த கண்டிப்போ இருக்குமாயின், தாய் தந்தை முன்னிலையில் இளையவர் அதைக் கூற இயலாது.

தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டதை நாடகமாகக் கருதல்: உடல் தேறியதும் உளமருத்துவரைக் காணாமலேயே வீட்டுக்கு அனுப்பப்படுவது உண்டு. முன்னர் ஒருமுறை முயன்றிருப்பதே பின்னாளைய தற்கொலைக்கான மிக வலுவான இடர்க் காரணி என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. எனவே இதுவே மிகவும் இடர் நிறைந்த வடிவமாகும்.

திருமணத்தை மருந்தாகக் கருதல்: குறிப்பாகப் பெண்களுக்கு "கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்று அறிவுரை கூறப்படுகின்றது. நோய் வெளியில் தெரிந்தால் வரன் அமையாது என்ற அச்சத்தால் மருத்துவம் பாதியில் நிறுத்தப்படுவதும் உண்டு.

காரணங்கள்

மேற்கூறியவற்றைத் தனிப்பட்ட மருத்துவரின் அல்லது ஆசிரியரின் அலட்சியம் என்று மட்டும் கருதுவது பொருந்தாது. சேவையின் அமைப்பிலேயே காரணங்கள் உள்ளன.

இந்தியாவில் இளநிலை மருத்துவப் படிப்பில் உளமருத்துவத்திற்குத் தனித் தேர்வு இல்லை. பொது மருத்துவத் தாளின் ஒரு பகுதியாகவே அது அமைகின்றது. ஊர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் இளையவர் முதலில் காண்பவர் இப்படிப்பை முடித்த பொது மருத்துவரே ஆவார்.

கூட்டம் மிகுந்த புறநோயாளர் பிரிவில் ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடங்களே. கதவு சாத்திய தனி அறை பல இடங்களில் இல்லை. முன்பின் அறியாத ஒருவரிடம் மனத்துயரைக் கூற இளையவருக்கு நேரமும் தனிமையும் தேவை. இவ்விரண்டும் இல்லாதபோது மருந்துச் சீட்டு மட்டுமே எஞ்சுகின்றது.

சேவைகள் 18 அகவையை எல்லையாகக் கொண்டு பிரிக்கப்பட்டுள்ளன. குழந்தைகளுக்கான திட்டங்கள் அவ்வயதில் முடிகின்றன. அதே ஆண்டில்தான் இளையவர் பள்ளியை முடித்து வேறு ஊரில் விடுதிக்கோ வேலைக்கோ செல்கின்றார். பழைய மருத்துவரின் தொடர்பும் அத்துடன் அறுந்துவிடுகின்றது. குழந்தை மற்றும் வளரிளம் பருவ உளமருத்துவத்தில் சிறப்புப் பட்டம் பெற்றோர் இந்தியாவில் மிகச் சிலரே.

சட்டநிலை

2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 இல் நடைமுறைக்கு வந்தது. இளையோரைப் பொறுத்தவரை அதன் முக்கிய கூறுகள் பின்வருமாறு:

* அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் உளநலச் சேவையைப் பெறும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு (பிரிவு 18). குழந்தைகளுக்கான உளநலச் சேவையும் இதில் அடங்கும். மாவட்டத்தில் குறைந்தபட்ச அரசுச் சேவை இல்லையெனில், அம்மாவட்டத்தில் வேறிடத்தில் பெறும் மருத்துவத்தின் செலவை அரசு ஏற்க வேண்டும்.
* 18 அகவை நிறையாதவரை உள்நோயாளியாகச் சேர்க்கும்போது பெரியவர்களிடமிருந்து தனியாகத் தங்க வைத்தல் வேண்டும். பாதுகாவலர் அல்லது துணையாளர் ஒருவர் முழுநேரமும் உடனிருக்க வேண்டும். சேர்க்கை குறித்து மனநல மறுஆய்வு வாரியத்திற்கு 72 மணி நேரத்திற்குள் அறிவித்தல் வேண்டும் (பிரிவு 87).
* நோயாளியைச் சங்கிலியால் பிணைத்தல் தடை செய்யப்பட்டுள்ளது (பிரிவு 95).
* சேவையில் குறை இருப்பின் நிறுவனத்தின் பொறுப்பு மருத்துவரிடமும், அடுத்து வாரியத்திடமும் முறையிடலாம் (பிரிவு 28).
* சட்டம் நடைமுறைக்கு வந்த 10 ஆண்டுகளுக்குள் உளநலப் பணியாளர் எண்ணிக்கையைப் பன்னாட்டு அளவுக்கு உயர்த்த அரசு முயல வேண்டும் (பிரிவு 31). இக்காலம் 2028 இல் நிறைவடைகின்றது.
* தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும். அவருக்குத் தண்டனைக்கு மாறாக உதவி அளித்தல் வேண்டும் (பிரிவு 115). இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இருந்த பழைய பிரிவு 309, 2024 சூலை 1 இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்கிதாவில் இடம்பெறவில்லை. அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுக்கும் அல்லது வற்புறுத்தும் நோக்கில் செய்யப்படும் முயற்சி மட்டுமே அதில் குற்றமாக உள்ளது.

இச்சட்டத்தில் 18 அகவைக்குட்பட்டவரின் சார்பாளர் அவரது பாதுகாவலரே ஆவார். இது பெரும்பாலோருக்குப் பாதுகாப்பாக அமைகின்றது. ஆனால் பெற்றோர் நோயை ஏற்க மறுக்கும்போது இளையவர் தாமாக மருத்துவம் பெறுவது கடினமாகின்றது. மேலும், 2012 ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18 அகவைக்குட்பட்டவர் மீதான பாலியல் குற்றம் பற்றி அறிந்த எவரும் அதைக் காவல்துறைக்குத் தெரிவித்தல் கட்டாயம். குற்றங்கள் மறைக்கப்படாதிருக்க இவ்விதி உதவுகின்றது. அதேவேளை, தாம் கூறுவது இரகசியமாக இருக்குமா என்ற ஐயத்தையும் இளையோரிடம் ஏற்படுத்துகின்றது. எதை இரகசியமாகக் காக்க இயலும், எதை இயலாது என்பதை ஆலோசகர் முதல் சந்திப்பிலேயே விளக்குவது இதனால் முக்கியமாகின்றது.

2025 சூலை 25 இல் உச்ச நீதிமன்றம் ஒரு மாணவியின் இறப்பு தொடர்பான வழக்கில், உளநலம் அரசியலமைப்பின் 21 ஆவது பிரிவு உறுதி செய்யும் வாழ்வுரிமையின் பகுதி எனக் கூறியது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் கல்வி நிறுவனங்கள் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரையேனும் நியமிக்க வேண்டும் என்பது அது வகுத்த நெறிமுறைகளுள் ஒன்று.

தீர்வு முயற்சிகள்

ஆத்திரேலியாவில் 2006 இல் எட்சுபேசு என்ற அமைப்பு 12 முதல் 25 அகவையினருக்கெனத் தனி மையங்களைத் தொடங்கியது. உளமருத்துவர் பாட்ரிக் மெக்கோரி இதன் உருவாக்கத்தில் பெரும்பங்கு ஆற்றினார். குழந்தை, பெரியவர் என்ற பிரிவினை இம்மையங்களில் இல்லை. சிங்கப்பூர், அயர்லாந்து போன்ற நாடுகளிலும் இதையொத்த மையங்கள் உள்ளன.

இந்தியாவில் 2014 இல் தொடங்கப்பட்ட தேசிய வளரிளம் பருவத்தினர் நலத்திட்டம் 10 முதல் 19 அகவையினருக்கான தனி மருத்துவப் பிரிவுகளை அரசு மருத்துவமனைகளில் ஏற்படுத்தியது. உளநலம் அதன் ஆறு நோக்கங்களுள் ஒன்று.

ஆலோசனை வழங்குவது யார் என்பதும் முக்கியம் எனப் பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் 74 பள்ளிகளில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. 2018 இல் வெளியான அதன் முடிவின்படி, இதற்கெனவே பயிற்சி பெற்ற உள்ளூர்வாசிகள் ஆலோசகர்களாகப் பணியாற்றிய பள்ளிகளில் பள்ளிச் சூழலும் மாணவர் நலமும் மேம்பட்டன. அதே பணியை ஆசிரியர்களிடம் கூடுதல் பொறுப்பாக ஒப்படைத்த பள்ளிகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. அந்த ஆலோசகர்கள் உளமருத்துவர்கள் அல்லர். எனவே, உளமருத்துவர் கிடைக்காத மாவட்டங்களுக்கும் இம்முடிவு பயனுடையது.

குடும்பம் தடையாக மட்டுமன்றித் துணையாகவும் அமைவதுண்டு. ஸ்கார்ஃப் நிறுவனமும் கனடாவின் மொன்றியாலில் உள்ள ஆய்வாளர்களும், கடும் உளநோய்க்கு முதன்முறையாக ஆளான இளையோரை இரு நகரங்களிலும் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். மருத்துவத்தில் குடும்பத்தினரின் பங்கேற்பு சென்னையில் கூடுதலாக இருந்தது.

வளரிளம் பருவத்தினரிடம் நோய் வரலாறு கேட்பதற்கென ஒரு நடைமுறையும் உள்ளது. முதலில் பெற்றோருடனும், பின்னர் இளையவருடன் தனியாகவும் பேசுதல் வேண்டும். வீடு, படிப்பு, பொழுதுபோக்கு, போதைப்பொருள், பாலியல், தற்கொலை எண்ணம் என்ற வரிசையில், எளிய கேள்விகளில் தொடங்கி இறுதியில் கடினமானவற்றுக்குச் செல்வர். தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்டால் அவ்வெண்ணம் தூண்டப்படும் என்பது தவறான நம்பிக்கை. நேரடியாகக் கேட்பது துயரைக் குறைக்கவே உதவும்.

மாற்றுக் கருத்துகள்

இளமைக்கால இயல்பான துயரங்களையும் நோயாக்கிவிடும் போக்கு பெருகுவதாகச் சிலர் வாதிடுகின்றனர். வறுமை, சாதிக் கொடுமை, தேர்வு நெருக்கடி ஆகியவற்றால் விளையும் துயருக்கு மாத்திரை தீர்வாகாது என்பது அவர்களின் கருத்து. இதில் உண்மை உண்டு. தமிழ்நாட்டில் பொதுத்தேர்வில் தோல்வியுற்ற மாணவர்கள் ஓராண்டை இழக்காமல் விரைவிலேயே மீண்டும் எழுத வழிசெய்த துணைத்தேர்வு, மருந்தின்றியே துயரைக் குறைத்த நடவடிக்கைக்கு எடுத்துக்காட்டாகும். சென்னையில் 1986 இல் இலட்சுமி விஜயகுமார் நிறுவிய சினேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பு இதனை வலியுறுத்தி வந்தது.

எனினும், ஒருவரின் முறைப்பாட்டைப் பொருட்படுத்துவதும் அவருக்கு நோய்ப்பெயர் சூட்டுவதும் ஒன்றல்ல. நோய் உள்ளதா, இல்லையா, தேவைப்படுவது மருந்தா, ஆலோசனையா, வீட்டிலோ பள்ளியிலோ ஒரு மாற்றமா என்பவற்றை முழுமையாகக் கேட்ட பின்னரே முடிவு செய்ய இயலும். கேட்காமலேயே ஒதுக்குவதும், கேட்காமலேயே மருந்து எழுதுவதும் ஒரே குறையின் இரு வடிவங்கள் ஆகும்.

உதவி பெறும் வழிகள்

* 14416: டெலி மானஸ். 2022 அக்டோபர் 10 இல் தொடங்கப்பட்ட, கட்டணமற்ற 24 மணிநேர அரசு உளநலச் சேவை. தமிழிலும் பேசலாம்.
* 104: தமிழ்நாடு அரசின் மருத்துவ உதவி எண்.
* 1098: குழந்தைகள் உதவி எண். 18 அகவைக்குட்பட்டோருக்கு உரியது.
* 044-24640050: சினேகா, சென்னை.
* 1926: இலங்கையில் வாழ்வோருக்கான தேசிய மனநல நிறுவனத்தின் உதவி எண்.

மருத்துவரைக் காணச் செல்லும் இளையவர், அறிகுறிகள் எப்போது தொடங்கின, தூக்கம், பசி, படிப்பு ஆகியவை எவ்வாறு மாறியுள்ளன என்பவற்றைத் தாளில் எழுதிச் செல்வது குறுகிய நேரத்தில் முழுமையாகக் கூற உதவும். "டாக்டர்கிட்ட கொஞ்சம் தனியாப் பேசணும்" என்று கேட்பதில் தவறில்லை. முதலில் கண்டவர் பொருட்படுத்தாவிட்டால், மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரையோ மேற்கண்ட எண்களையோ அணுகலாம். உயிருக்கு உடனடி ஆபத்து எனில் 108 அவசர ஊர்தியை அழைத்து அருகிலுள்ள மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

* உளச்சோர்வு
* மனச்சிதைவு
* தொலைமருத்துவம்
* ஏர்வாடி தீ விபத்து
* சாரதா மேனன்
* புதுக்கோட்டை மாவட்டம்